இரண்டு கிணற்றுக்கு ஒரே தண்ணீர்

நேற்று மாலை பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு அம்மாள் அன்னக்கூடையில் ஜிலேபிக் கெண்டை விற்றுக்கொண்டிருந்தாள். எங்கோ ஏரி வற்றுகிறது, சேற்றிலிருந்து அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பாதி மீனுக்கு இன்னும் உயிர் இருந்தது. சேறும் பாசியும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் நின்றுவிட்டேன். எனக்கான பஸ் கிளம்பிப் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் உட்கார இடம் இல்லாமல், சொட்டுகிற மீன் பையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவர்களின் முறைப்பை வாங்கிக்கொண்டு பாடாலூர் வரை நின்றே வந்தேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னமும் எனக்கு இப்படி ஏதாவது ஒரு தொந்தரவைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாய்.

உன்னை நீ என்றுதான் எழுதுவேன். நீ பெரியப்பா மகன், என்னைவிட மூன்று மாதம் மூத்தவன். அந்த மூன்று மாதத்துக்காக உன்னை அண்ணன் என்று கூப்பிட வேண்டும் என்று கால்சட்டை போட்ட காலத்திலிருந்தே அடம்பிடித்தாய். நான் கூப்பிட்டதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. அதுவும் நீ என்னை மடக்கி வாங்கியது.

நம் கதையை ஊரில் எல்லாரும் நீ சொன்ன விதத்தில்தான் நம்புகிறார்கள். டீக்கடையில் உட்கார்ந்து கைகால் வைத்துச் சொல்ல உனக்கு வரும், எனக்கு வராது. அதனால் என் பக்கத்தையும் எழுதி வைக்கிறேன். மறுத்துப் பேச நீ இல்லாத சமயத்தில் எழுதுவது எனக்குச் சௌகரியமாகவே இருக்கிறது.

தொண்ணூற்றைந்தில் உங்கப்பாவும் எங்கப்பாவும் பாகம் பிரித்தார்கள். பழைய கிணறு உங்கள் பங்குக்குப் போனது. எங்களுக்குக் கிழக்கே கல்லாங்காடு. நாங்கள் புதுக் கிணறு வெட்டி முடிக்கிற வரைக்கும் பழைய கிணற்றிலேயே இறைத்துக்கொள்ளலாம் என்று நாலு பேர் முன்னிலையில் பேச்சு. அடுத்த கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனது. ஒரு நாள் காலையில் எங்கள் மோட்டாரின் குழாயும் அதன் அடிமுனைப் புட்வால்வும் வரப்பில் கிடந்தன. தூக்கிப் போட்டவர் பெரியப்பா. மேலே நின்று கயிறு பிடித்தவன் நீ. அப்பா குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

பிறகு அப்பா கல்லாங்காட்டில் கிணறு வெட்டினார். வெடி வைத்தார், கல் அள்ளினார், மறுபடி வெடி வைத்தார். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் நிற்கும், மாசியில் தரை தெரியும். ஊற்று என்று சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதைப் பார்க்காமலே அவர் போய்ச் சேர்ந்தார். பெரியப்பாவும் பின்னாலேயே போனார். பங்காளி முறைக்கு அந்த வீட்டுச் சாவுக்கு நாங்களும் இந்த வீட்டுச் சாவுக்கு நீங்களும் வந்து, ஓரமாக நின்று, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினோம்.

இதையெல்லாம் நான் மறக்கவில்லை. மறக்கிற சுபாவம் எனக்குக் கிடையாது. எனக்கு வந்திருக்க வேண்டிய தலைமையாசிரியர் பதவி, யார் யாரைப் பிடித்து, யார் வழியாக, யாருக்குப் போனது என்பதை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். என் கல்யாணத்தில் கை நனைக்காமல் போனவர்கள் யார் என்பதும் நினைவிருக்கிறது. நீ அதில் கிடையாது. நீ இரண்டு பந்தியில் சாப்பிட்டாய்.

மழை ஏமாற்றிய அந்த வருடங்களில் இரண்டாயிரத்து மூன்றுதான் மோசம். விதைக்கென்று வைத்திருந்த சின்ன வெங்காயம் முழுவதையும் நட்டிருந்தோம், நீயும் நானும். அது காய்ந்தால் அடுத்த பட்டத்துக்கு நட வெங்காயம் இல்லை. உன் மூத்த பெண்ணுக்கு அரியலூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தாய் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கோ அப்பா வெட்டிய கிணறு ஒரு தடவையாவது ஒரு வெள்ளாமையைக் கரை சேர்க்க வேண்டும். நான் சைடு போர் போடுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மிஷினைக் கிணற்றுக்குள் இறக்கி, கிணற்றுச் சுவரில் படுக்கை வாட்டத்தில் நீளமாகத் துளை போடுவார்கள். பாறை இடுக்கில் எங்காவது ஊற்று இருந்தால் துளை வழியாக வந்து விழும்.

"எந்தப் பக்கம் சார் போடணும்?" என்று கேட்டார்கள்.

நான் மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியர். நிலம் எந்தப் பக்கம் ஏறுகிறது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கமிருந்து இறங்கும் என்று படித்தவன், படிப்பிக்கிறவன். மேற்கே என்றேன். நிலம் மேற்கேதான் ஏறுகிறது. உன் கிணறும் மேற்கேதான் இருந்தது. துளை அவ்வளவு தூரம் போகாது என்று மிஷின்காரரும் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிணற்றுக்குள் பெரிய கூச்சல். துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மிஷினைத் தூக்கக்கூட நேரம் கொடுக்காமல் ஏறியது. அம்மா ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். "ஒங்கப்பா ஊத்து வந்துடுச்சுடா" என்றவள் அப்படியே கிணற்றுமேட்டில் உட்கார்ந்துவிட்டாள். சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, சாயங்காலமே சர்க்கரைப் பொங்கல் வைத்து, தெரு முழுக்கக் கொடுத்தாள். உன் வீட்டைத் தாண்டும்போது மட்டும் தூக்குச்சட்டியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தாளாம். உன் மனைவி பின்னாளில் எனக்கு நடந்தே காட்டினாள்.

எங்கள் கிணறு ஏற ஏற உன் கிணறு இறங்கிக்கொண்டிருந்தது. கோடை என்று நினைத்து நீ ஒரு குழாய் கூடுதலாக இறக்கினாய்.

நாலைந்து நாள் கழித்து அம்மா குடத்தில் மொண்ட தண்ணீரில் மூன்று மீன் குஞ்சு இருந்தது. புதுக் கிணற்றில் மீன் வந்தது சாமி காரியம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். நான் குடத்துக்குள் குனிந்து பார்த்தேன். சாமி ஜிலேபிக் கெண்டையா அனுப்பும்? ஊரில் கிணற்றில் ஜிலேபிக் கெண்டை விட்டு, அதைத் தினமும் எட்டிப் பார்த்து, பழைய சோறு போட்டு வளர்த்துக்கொண்டிருந்தவன் ஒருவன்தான். யாரிடமும் சொல்லாதே என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் அதற்குள் தெருக்கோடி வரை சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மறுநாள் நீ எங்கள் கிணற்றுமேட்டுக்கு வந்தாய். ஏழு வருடத்துக்குப் பிறகு எங்கள் நிலத்தில் உன் கால். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் நேராகப் பேசக் கூடாதே, அதனால் எங்கள் மோட்டார் ரூம் சுவரைப் பார்த்துப் பேசினாய்.

"வூட்டுல கன்னம் வச்சவனக் கேள்விப்பட்டுருக்கேன். கெணத்துல கன்னம் வச்சவன இன்னிக்குத்தான் பாக்குறேன்."

நான் கையிலிருந்த மண்வெட்டியிடம் சொன்னேன்: "பூமிக்கு அடியில ஓடுற தண்ணிக்கு எவனும் பட்டா வாங்கி வைக்கல."

"தண்ணிக்குப் பட்டா இல்ல, சரி. மீனுக்கு?" என்று நீ சுவரைக் கேட்டாய்.

மண்வெட்டியை வைத்துவிட்டு வீட்டுக்குள் போனேன். அந்த மூன்று மீனையும் நாங்கள் முதல் நாளே குழம்பு வைத்திருந்தோம்.

அதற்குப் பிறகு நாம் செய்தது முட்டாள்தனம், இரண்டு பேருமே. மும்முனைக் கரண்ட் வந்த நிமிடத்தில் இரண்டு மோட்டாரும் ஒன்றாக ஓடும். நான் விட்டு வைப்பது உனக்குப் போகும், நீ விட்டு வைப்பது எனக்கு வரும் என்பதால் யாரும் சொட்டு விட்டு வைக்கவில்லை. நீ பெரிய மோட்டார் மாற்றினாய். நானும் மாற்றினேன். பாத்தி நாலு பாய்வதற்குள் இரண்டு மோட்டாரும் காற்றை உறிஞ்சிக் கத்த ஆரம்பிக்கும். உன் வயலிலும் என் வயலிலும் வெங்காயத் தாள் ஒரே மாதிரி நுனி கருகிச் சாய்ந்தது. அந்த வாரம் வகுப்பில் நான் நடத்திய பாடம் இன்னும் நினைவிருக்கிறது. ஒரு நாட்டுக்கு ஓராண்டில் மழையாகவும் ஆறாகவும் புதிதாகக் கிடைக்கிற நன்னீரில் அந்த நாடு எவ்வளவு பங்கை எடுத்துப் புழங்குகிறது என்கிற கணக்கு. கரும்பலகையில் வட்டம் போட்டு விளக்கிவிட்டு, நாலே முக்கால் பஸ் பிடித்து வந்து, மோட்டார் சுவிட்சின்மேல் கை வைத்தபடி கரண்டுக்குக் காத்திருந்தேன்.

ஊர்ப் பெரியவர்கள் பால் சொசைட்டி வாசலில் வைத்துப் பேசினார்கள். இரண்டு கிணற்றையும் இணைத்த ஓட்டையை அடைப்பது என்று முடிவு. யார் அடைப்பது என்பதில்தான் வந்தது தகராறு. நான் அடைத்தால் சும்மா பூசி ஏமாற்றுவேன் என்றாய். நீ அடைத்தால் என் பக்கத்து ஊற்றையும் சேர்த்து அடைப்பாய் என்றேன். கடைசியில், ஒரே நாளில் இரண்டு கிணற்றையும் இறைத்துவிட்டு, அவனவன் கிணற்றில் அவனவன் இறங்கி, இரண்டு முனையிலும் அடைப்பது என்று தீர்ப்பானது. இப்படி ஒரு தீர்ப்பு வேறு எந்த ஊரிலும் வந்திருக்காது.

நான் சாக்கும் சிமெண்ட் சட்டியும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். துளையின் வாய் இடுப்பு உயரத்தில் இருந்தது. குனிந்து சாக்கைச் சுருட்டிச் செருகப் போனபோது உள்ளேயிருந்து பீடிப் புகை வந்தது. அப்புறம் இருமல். அத்தனை அடி பாறையைத் தாண்டி, காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருமுகிற மாதிரி.

நான் அசையாமல் நின்றேன். நீ சிமெண்ட்டிடம் பேசத் தொடங்கினாய்.

"சிமெண்ட்டே, அந்தாண்ட ஒரு வாத்தியாரு நிக்கிறாரு. நாட்டுக்கே தண்ணிக் கணக்குப் போடுறவரு. அவரு போட்ட போரு நேரா என் மீனு வாயில வந்து நின்னுச்சு."

எனக்கும் சட்டி இருந்தது. "சட்டியே, கணக்கு தெரியாதவன்கிட்ட என்ன பேசுறது" என்றேன்.

"என்னதான் கணக்கு, சொல்லச் சொல்லேன்" என்றாய், சிமெண்ட்டிடம்.

கிணற்றுக்குள் நிழலாக, குளுமையாக இருந்தது. மேலே என் அம்மா மட்டும். எனக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு வரை யாரும் கேட்கிறதில்லை. சட்டியை விட்டுவிட்டு நேராகத் துளையில் வாயை வைத்துச் சொன்னேன். வருகிற தண்ணீர் நூறு என்று வைத்துக்கொள். சில நாடு அதில் ஒன்றிரண்டு எடுக்கிறது. சில நாடு பாதி எடுக்கிறது. நாம் இரண்டு பேரும் இந்த இரண்டு கிணற்றில் நூற்றுக்கு மேலே எடுக்கிறோம்.

"நூறுதான வருது? அதுக்கு மேல எப்படிடா எடுக்க முடியும்? ஒன் பொஸ்தகத்துல தப்பு."

"பாறை இடுக்குல பழைய தண்ணி இருக்குல்ல. அத எடுக்குறோம். ஒங்கப்பா, எங்கப்பா காலத்து மழ. அவங்க விட்டு வச்சது."



"எங்கப்பா விட்டு வச்சதா?" என்றாய். "அவரு எதயும் விட்டு வைக்கிற ஆளு இல்லயேடா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. நான் சிரித்தது துளை வழியாக அங்கே போய், நீ சிரித்தது இங்கே வந்து, இரண்டு கிணறும் சேர்ந்து சிரித்தது. மேலேயிருந்து அம்மா என்னடா சத்தம் என்று கேட்டாள். வழுக்குதும்மா என்றேன்.

"நான் கயிறுதான் புடிச்சேன்" என்றாய் பிறகு, குரலை இறக்கி.

"தெரியும். அதத்தான் ஞாபகம் வச்சிருக்கேன்."

மன்னிப்பு என்கிற வார்த்தை உன் வாயிலும் வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. வெங்காயத்தைப் பற்றிப் பேசினோம். ஆளுக்குப் பாதி வயலைக் காயவிட்டுவிடுவது. விட்டானா இல்லையா என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். கரண்ட் வருகிற நேரத்தை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டு, ஒரு சமயத்தில் ஒரு மோட்டார். துளையின் வாய் தண்ணீருக்கு மேலே தெரிந்ததும் நிறுத்திவிடுவது. அதற்குக் கீழே இறைப்பதில்லை.

"கீழ இருக்குறது?" என்றேன்.

"மீனுக்கு."

"வாய் தெரிஞ்ச பொறவும் நீ ஓட்டிக்கிட்டே இருந்தா?"

"நீ ஓட்டுனா?" என்றாய்.

அது நியாயமான கேள்விதான். பகல் கரண்ட் ஒரு வாரம், ராக் கரண்ட் ஒரு வாரம் என்று மாறி மாறி வரும். நான் பெரம்பலூரில் பாடம் நடத்துகிற நேரத்தில் நீ இங்கே என்ன செய்கிறாய் என்று யார் பார்ப்பது? பாதி வயலை விட்ட பிறகு ஒருவன் ஏமாற்றினால் மற்றவனுக்கு மீதிப் பாதியும் போகும். நம் வீட்டுப் பெரியவர்கள் நாலு பேர் முன்னால் பேசிய பேச்சே ஒரு கோடைதான் நின்றது. இது பாறைக்குள் பேசிய பேச்சு.

"சிமெண்ட்டு எறுகுதுடா" என்றாய். "அடைக்கிறதா, வேணாமா?"

"வேணாம்."

"அப்ப அண்ணேன்னு சொல்லு."

"முடியாது."

கொத்துக் கரண்டி சட்டியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. ஒரு கொத்து சிமெண்ட் உன் பக்கத்து வாயில் பொத்தென்று விழுந்தது. உன் பக்கத்து வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. நீ விளையாடுகிறாய் என்று தெரியும். ஆனாலும் உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா, விளையாட்டுக்கே அடைத்துவிடுவாய்.

"அண்ணே" என்றேன்.

"கேக்கல."

"அண்ணே."

கிணற்றில் அது சுற்றிச் சுற்றி வந்தது. இப்படித்தான் நீ அதை வாங்கினாய். மேலே ஏறி, ஆளுக்கொரு பக்கமாகப் போய், அடைச்சாச்சு என்று ஊரில் சொன்னோம். பெரியவர்கள் தலையாட்டினார்கள். தங்கள் தீர்ப்பு எப்படி என்று ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டார்கள்.

அந்த வருடம் ஆளுக்குப் பாதி வயல் வெங்காயம் எடுத்தோம். காய் சிறுத்துதான் இருந்தது, ஆனால் கெட்டி. விதைக்குக் கட்டித் தொங்கவிட்டது போக உன் பெண் கல்யாணமும் நடந்தது. எங்களுக்குப் பத்திரிகை வைக்கவில்லை, ஊருக்கு நாம் பகையாளிகள் அல்லவா. முந்தின நாள் துளை வழியாகச் சாப்பாட்டில் என்னென்ன என்று ஒன்று விடாமல் சொன்னாய். அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. சொல்லாமலே இருந்திருக்கலாம்.

இரண்டு கோடை அப்படிப் போனது. பாடாலூர் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நீ ஒரு பக்கம் பார்ப்பாய், நான் ஒரு பக்கம் பார்ப்பேன். மோட்டார் நிறுத்திய பிறகு கிணற்றுப் படியில் இறங்கி உட்கார்ந்தால், உன் பீடி வாசம் வரும், பின்னாலேயே நீ வருவாய்.

"வாத்தியாரே, இன்னிக்கு எந்த ஊரு?"

வாரத்துக்கு ஒரு நாடு உனக்கு வேண்டும். நாடுகளைப் பற்றி நீ கேட்ட விதம், பெண் கொடுக்கப் போகிற வீட்டைப் பற்றி விசாரிக்கிற மாதிரி இருக்கும். எகிப்துக்கு வருகிற தண்ணீர் ஏறக்குறைய எல்லாமே மேலே இருக்கிற நாடுகளிலிருந்து வருகிறது என்று சொன்னேன். "அப்ப அவன் மேலாக்காரன்கிட்ட அனுசரிச்சுத்தான் போவணும், ஒன்ன மாதிரி" என்றாய். காங்கோவில் கொட்டுகிற மழையில் அவர்கள் எடுப்பது ஒரு கைப்பிடி என்றதும், அங்கே வெங்காயம் வருமா என்று கேட்டாய். குவைத் மாதிரியான நாடுகள் தங்களுக்கு வருகிற தண்ணீரைப் போலப் பல மடங்கு புழங்குகின்றன, கடல் தண்ணீரைக் குடிநீராக்கி ஈடு கட்டுகின்றன என்றேன். உன் மச்சினன் அங்கே டிரைவராக இருந்தான். அவன் ஊருக்கு வந்தால் மணிக்கணக்கில் பம்புசெட்டில் குளிப்பதற்குக் காரணம் உனக்கு அன்றுதான் பிடிபட்டது.

இந்தியாவைப் பற்றி நாம் சண்டை போட்டோம். நாடு மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று நான் சொல்லப்போக, நீ எகிறினாய்.

"எங்கியோ வடக்க வெள்ளம் போவுது. அதயும் என் கெணத்தயும் ஒண்ணாக் கூட்டி ரெண்டால வகுத்தா எனக்குத் தண்ணி வந்துடுமா?"

சராசரி என்பது ஒரு அளவுகோல், அதைத் தனித்தனி வட்டாரமாகவும் பார்ப்பார்கள், நம் வட்டாரம் எடுப்பது வருவதை மிஞ்சிய வட்டாரம் என்று பொறுமையாக விளக்கினேன். "அத மொதல்ல சொல்லணும்" என்றாய். பிறகு உனக்கே உரிய அநியாயத்தோடு, "அப்பறம் எப்படி ஒனக்கு எச்.எம். பதவி குடுப்பாங்க" என்றும் சொன்னாய். வேறு யாராவது அதைச் சொல்லியிருந்தால் ஜென்மத்துக்கும் பேசியிருக்க மாட்டேன்.

இரண்டாயிரத்து ஐந்தில் மழை கொட்டியது. ஏரி வழிந்தது. ஊரே மழைக்குப் பொங்கல் வைத்தது. இரண்டு கிணறும் மேல்படி வரைக்கும் நிரம்பின. துளை எங்கோ அடியில் முழுகிப்போனது.

எல்லாரும் சந்தோஷமாக இருக்க, நான் மட்டும் கிணற்றுமேட்டில் நின்று தண்ணீரை முறைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் நீயும் உன் மேட்டில் நின்றாய். நடுவில் ஒரு வரப்பு, கொஞ்சம் சோளம். கூப்பிட்டால் கேட்கும். ஆனால் வெளிச்சத்தில் முதலில் யார் பேசுவது? புட்வால்வைத் தூக்கிப் போட்டது உங்கள் வீடு, அதனால் நீதான் பேச வேண்டும் என்பது என் நியாயம். கன்னம் வைத்தவன் நான், அதுவுமில்லாமல் சின்னவன், அதனால் நான்தான் என்பது உன் நியாயமாக இருந்திருக்கும். கார்த்திகை போனது, மார்கழி போனது. தண்ணீர் இறங்குகிற வழியாகத் தெரியவில்லை. மழை நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே புவியியல் ஆசிரியன் நானாகத்தான் இருப்பேன்.

தை மாதத்தில் ஒரு நாள் பத்தாம் வகுப்புக்கு வரைபடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னலில் ஒரு துண்டு தெரிந்தது, பிறகு நீ. கையில் பெரிய பாலித்தீன் பை, அதில் தண்ணீர், தண்ணீரில் ஜிலேபிக் கெண்டை. மீன் பெருத்துவிட்டது, வாத்தியார் கிணற்றில் விடக் கொடுக்க வந்தேன் என்று பள்ளிக்கூடத்து வாசலிலேயே சொல்லி வழி கேட்டிருக்கிறாய். எனக்குப் பதிலாகத் தலைமையாசிரியர் ஆனவரே உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, வகுப்பு முழுவதும் கேட்க,

"வாத்தியாரே, இன்னிக்கு எந்த ஊரு?" என்றாய்.

"பிரேசில்" என்றேன்.

அன்றைக்கு மீனையும் வைத்துக்கொண்டு ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் பாடாலூர் வந்து இறங்கினோம். நிறுத்தத்தில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்தேன். அவள் உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, "ஓட்டைய அடைச்சவன் எவன்டா தெனம் கெணத்துல எறங்கி ஒக்காந்து சிரிப்பான்" என்றாள். இரண்டு வருடமும் அவளுக்குத் தெரியும். ஊருக்குச் சொல்லாத ஒரே விஷயம் அவள் வாழ்க்கையில் அதுதான்.

போன வருடம் வைகாசியில், களத்தில் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தபோதே நீ சாய்ந்தாய். தூக்கிக்கொண்டு பெரம்பலூர் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அன்று உன் வீட்டில் நான் ஓரமாக நிற்கவில்லை.

இப்போது உன் மனைவி அரியலூரில் பெண் வீட்டில் இருக்கிறாள். உன் காடு தரிசாகக் கிடக்கிறது. உன் மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். இந்தச் சித்திரையில் இரண்டு கிணற்றுத் தண்ணீரும் எனக்கு ஒருவனுக்குத்தான். கேட்க ஆள் கிடையாது.

நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. பேங்கில் பாஸ்புத்தகத்தை மூன்று தடவை சரிபார்ப்பேன். பஸ்ஸில் மீதிச் சில்லறை வாங்காமல் இறங்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் என் நாற்காலியை யாராவது நகர்த்தினால்கூட அதில் ஒரு திட்டம் இருக்கும் என்று நினைப்பேன், பெரும்பாலும் இருக்கவும் செய்யும். ஆனால் அந்த இரண்டு கோடையிலும் ராக் கரண்ட் வாரங்களில், உன் மோட்டார் ஓடுகிற சத்தம் தூரத்தில் கேட்கும். கொஞ்ச நேரத்தில் நிற்கும். நான் எழுந்து போய்க் கிணற்றைப் பார்த்ததே இல்லை. புரண்டு படுத்துத் தூங்கிவிடுவேன். என்னைப் புட்வால்வோடு வெளியே போட்ட வீட்டுப் பிள்ளையை நம்பி எனக்குத் தூக்கம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் யாரிடமும் எனக்கு அது வாய்க்கவில்லை. அது மட்டும் என்னிடம் இருக்கிறது.

இன்று காலையும் மோட்டார் போட்டேன். துளையின் வாய் தெரிந்ததும் நிறுத்தினேன். வயலில் இன்னும் நாலு பாத்தி பாய வேண்டியிருந்தது. வரப்பில் நின்றிருந்த அம்மா, ஏன் நிறுத்தினாய் என்று கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்து மடையை அடைத்துவிட்டு, வீட்டைப் பார்க்க நடந்தாள்.